இரைச்சல் யாருக்குச் சாக்கு?

அபுதாபியின் முசஃபா தொழிலாளர் கேம்ப்பில் தங்கி வெல்டராகவோ ஃபிட்டராகவோ வேலை பார்க்கும் தமிழருக்கும் ஊரில் ஓட்டு உண்டு. 2010 சட்டத் திருத்தம் தந்த உரிமை அது. ஆனால் வாக்குச்சாவடிக்கு நேரில் வர வேண்டும். ஒரு நாள் ஓட்டுக்கு விமான டிக்கெட்டும் சம்பளப் பிடித்தமும் யாருக்குக் கட்டுப்படியாகும்? 2024 மக்களவைத் தேர்தலில் பதிவு செய்திருந்த வெளிநாடுவாழ் வாக்காளர்கள் 1.19 லட்சம் பேர். வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர்.

இதற்கு வழிகேட்டு, அபுதாபியில் மருத்துவமனைகள் நடத்தும் டாக்டர் ஷம்ஷீர் வயலில் உச்ச நீதிமன்றம் போனார். பதிலாள் மூலம் வாக்களிக்கும் மசோதா 2018 ஆகஸ்ட் 9-இல் மக்களவையில் நிறைவேறியது. ஆளுங்கூட்டணிக்குப் பெரும்பான்மை இல்லாத மாநிலங்களவையில் அப்படியே தங்கிவிட்டது. அவ்வாண்டுக் குளிர்காலக் கூட்டத்தொடரை ரஃபேல் விமானச் சர்ச்சை ஒருபுறமும் காவிரியின் மேகதாது அணைச் சர்ச்சை மறுபுறமும் விழுங்கின. 2019-இல் மக்களவை கலைந்ததும் மசோதா காலாவதியானது.

காவிரிக்காக அவையின் நடுவே இறங்கிய திமுகவையும் அதிமுகவையும் குறைசொல்ல மாட்டோம். எண்ணிக்கையில் தோற்பவர்களின் கடைசி ஆயுதம் அது. எதிர்க்கட்சி வரிசையில் இருந்தபோது பாஜகவின் அருண் ஜேட்லியும் சுஷ்மா ஸ்வராஜும் அவை முடக்கத்தை ஜனநாயக வழி என்றே வாதிட்டார்கள். (ஆட்சிக்கு வந்தபின் அந்த வாதத்தை அவர்கள் கட்சி மறந்தது வேறு கதை.) ஆனால் எதிர்க்கும் மசோதாவை மறிப்பது வேறு, நாள் முழுக்க எல்லாவற்றையும் மறிப்பது வேறு. பதிலாள் சொன்னபடிதான் ஓட்டுப் போடுவாரா என்ற நியாயமான கேள்வியைக்கூட மாநிலங்களவை விவாதிக்கவில்லை.

அதற்காக ஆளுங்கட்சியை விட்டுவிட முடியாது. 2019-இல் 303 இடங்களோடு திரும்பிய பாஜக, அந்த ஐந்தாண்டுகளில் மசோதாவை மீண்டும் கொண்டுவரவே இல்லை. 2023 டிசம்பரிலோ எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேரை இடைநீக்கம் செய்துவிட்டு மூன்று குற்றவியல் மசோதாக்களை நிறைவேற்றிக்கொண்டது. வேண்டியதை எந்த இரைச்சலும் நிறுத்தவில்லை. வேண்டாததற்கு இரைச்சல் நல்ல சாக்கு.

வாயை அடைப்பதும் தீர்வல்ல. அவையோடு ஓயாத மோதலுக்குப் பின் குவைத் அமீர் 2024 மே 10-இல் தேசிய அவையைக் கலைத்து, நான்காண்டு வரை அவையே இல்லாமல் செய்தார். நமக்கு உகந்தது பிரிட்டன் முறை: அங்கே ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் 20 நாட்கள் எதிர்க்கட்சிகள் தேர்ந்தெடுக்கும் பொருளுக்கு உரியவை. அந்த நாட்களை இங்கும் கொடுங்கள். அடுத்த கூட்டத்தொடரிலேயே பதிலாள் வாக்கு மசோதாவையும் கொண்டுவாருங்கள். எதிர்ப்பவர்கள் எதிர்த்து வாக்களிக்கட்டும். யார் எந்தப் பக்கம் என்று முசஃபாவும் தெரிந்துகொள்ளட்டும்.