பிழை யாருடையது, தண்டனை யாருக்கு?

பெங்களூருவின் மென்பொருள் நிறுவனங்களில் சோதனைக்கென்றே தனி ஊழியர் படை இரவும் பகலும் உழைக்கிறது. நூறு பரிவர்த்தனைகளில் பன்னிரண்டு தவறிப்போகும் நிரலை எந்த அயல்நாட்டு வங்கியும் ஏற்றுக்கொள்ளாது.

அதே நகரின் ஹெப்பாலில்தான் ஆதார் தரவு மையம் இயங்குகிறது. 2009இல் உருவாக்கப்பட்ட தனித்துவ அடையாள ஆணையத்துக்கு இன்ஃபோசிஸின் நந்தன் நிலேகணி முதல் தலைவரானார். நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்களின் கைரேகையும் கருவிழியும் அதன் தொகுப்பில் உள்ளன. இந்தப் பெருந்தரவு அமைப்பின் நம்பகத்தன்மை என்ன? 2018இல் உச்சநீதிமன்றத்தில் ஆணையமே விடை தந்தது: அரசுச் சேவைகளில் அடையாளச் சரிபார்ப்பு வெற்றி 88 சதவீதம். எஞ்சிய 12 சதவீதத்தை எந்த வங்கி பொறுத்துக்கொள்ளும்? ரேஷன் கடை வரிசையில் நிற்கும் ஏழை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம்!

ஒன்றிய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, சரிபார்ப்புத் தோல்வி ஜார்க்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37 சதவீதம் என்ற மதிப்பீடுகளைப் பதிவு செய்தது. செங்கல் சுமந்தும் சாந்து குழைத்தும் ரேகை தேய்ந்த விரல் உழைப்பின் அடையாளம். அதை அடையாளமின்மை என்று வாசிக்கிறது கருவி.

2022 ஏப்ரலில் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை மேலும் அம்பலப்படுத்துகிறது. 2019 நவம்பர் வரை 4.75 லட்சத்துக்கும் அதிகமான ஆதார் எண்கள் இரட்டைப் பதிவு என ரத்து செய்யப்பட்டன. 2018-19இல் நடந்த 3.04 கோடி பயோமெட்ரிக் திருத்தங்களில் 73 சதவீதத்துக்கு மேல், பழுதான பதிவுகளுக்காக மக்களே கட்டணம் செலுத்திச் செய்துகொண்டவை. மறுபுறம், பயோமெட்ரிக் தொழில்நுட்ப நிறுவனங்கள் மீதான அபராதத்தைத் தள்ளுபடி செய்த முடிவையும் அறிக்கை கண்டிக்கிறது. குடிமகனுக்குக் கட்டணம், நிறுவனத்துக்குச் சலுகை: இதுவே இந்த அமைப்பின் வர்க்க இலக்கணம்.

போலிகளை நீக்கிக் கோடிகளைச் சேமித்தோம் என்கிறார்கள் ஆட்சியாளர்கள். நீக்கப்பட்ட பெயர் போலியா, மறுக்கப்பட்ட உண்மை மனிதரா என்று வீடுவீடாகச் சோதிக்காதவரை, அந்தச் சேமிப்புக் கணக்கில் பட்டினியும் கலந்தே இருக்கும். 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கப்படவில்லை என்று அக்குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. பட்டினி என்றார் தாய்; மலேரியா என்றது அரசு. ஏட்டில் அதுவும் நீக்கப்பட்ட ஓர் அட்டைதான்.

இத்தனைக்குப் பின்னும் 2024 ஜனவரி 1 முதல் நூறுநாள் வேலைக் கூலிக்கும் ஆதார் வழிப் பட்டுவாடா கட்டாயமாக்கப்பட்டது. சோதனைக்கூடத்தில் முடிந்திருக்க வேண்டிய சோதனை, உழைப்பாளியின் வயிற்றில் நடத்தப்படுகிறது.

இடதுசாரிகள் தொழில்நுட்பத்தின் எதிரிகள் அல்லர். சோதிக்கப்படாத இயந்திரத்துக்கு மக்களின் உரிமையை அடகு வைப்பதையே எதிர்க்கிறோம். சரிபார்ப்புத் தோல்வி விவரங்களை மாவட்டவாரியாக மாதந்தோறும் வெளியிடு! ஆணையத்தையும் ஒப்பந்த நிறுவனங்களையும் சாராத பொதுச் சோதனைக்கு உட்படுத்து! கருவி தவறினாலும் அரிசியும் கூலியும் தவறாது என்பதைச் சட்டமாக்கு! பிழைக்கான விலையை, பிழை செய்தவரே செலுத்தட்டும்.