சொட்டு மருந்தா, லேசரா?



உங்கள் இதழில் கண் அழுத்த நோய்க் (கிளாக்கோமா) கட்டுரை படித்தேன். ஆரணி நெசவாளிக்குச் சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. கை இறுகும்போது முதலில் நிற்பது, வலிக்காத நோய்க்கான சொட்டு மருந்துதான். என் அண்ணன் ஓரப்பார்வை மங்கி, கரைப்பக்கம் இழை அறுந்ததுகூடத் தெரியாமல் நெய்துகொண்டிருந்தார். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பதே சிகிச்சை.

2019இல் ‘லான்செட்’ வெளியிட்ட பிரிட்டன் ஆய்வில், சொட்டு மருந்துக்குப் பதிலாக முதலிலேயே, கண் அழுத்தத்தைக் குறைக்கும் எஸ்.எல்.டி. லேசர் செய்துகொண்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மூன்றாண்டு கழித்தும் சொட்டு மருந்து தேவைப்படவில்லை. கண் அழுத்த நோயில் திறந்த கோண வகைக்குத்தான் இந்த லேசர். கண் அழுத்தத்தைத் தொடர்ந்து பார்த்துவரவும் வேண்டும். ஆஸ்துமாக்காரர்கள், டைமோலால் சொட்டு எழுதினால் ஆஸ்துமா இருப்பதை டாக்டரிடம் உடனே சொல்லிவிடுங்கள். நெசவாளர் முகாம்களில் கண்ணாடி கொடுத்தால் போதாது, கண் அழுத்தமும் பார்க்க வேண்டும்.

- ஒரு வாசகர், ஆரணி