முடி நடவு: எதிர்பார்ப்பும் எச்சரிக்கையும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய இரமணாசிரமப் பகுதியில் சிறிது நேரம் நின்று பார்ப்போர்க்கு, மாந்தரின் தலைகளே ஒரு பாடமாக அமையும். மழித்த தலையும் சடை வளர்ந்த தலையும் அங்கு அருகருகே நடந்து செல்லும். 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் இவ்வூருக்கு வந்து சேர்ந்த வேங்கடராமன் என்னும் பதினாறு வயது இளைஞர், பிற்காலத்தில் இரமண மகரிஷி என அறியப்பட்டவர், வந்த அன்றே அய்யங்குளத்தருகே தம் தலையை மழித்துக்கொண்டார். வேளாங்கண்ணிக்குச் செல்லும் நம் பங்குக் குடும்பங்களிலும் முடி காணிக்கை செலுத்துவோர் பலர் உளர்.

ஆனால், நாமே மனமுவந்து கொடுப்பது வேறு. நம்மைக் கேளாமல் பறிபோவது வேறு. அதே வீதிகளில் வாழும் இளைஞர் பலர், இருபத்தைந்து வயதிலேயே நெற்றி ஏறுகிறதே என்று கலங்குகின்றனர். பெண் பார்க்கச் செல்லுமுன் எப்படியாவது இதனைச் சரிசெய்துவிட வேண்டும் என்று பெற்றோரும் துடிக்கின்றனர். கடன் வாங்கியேனும் முடி நடவு செய்துகொள்ளலாமா, அது பாவமாகுமா, பலன் தருமா என்று நம்மிடம் வினவுவோர் உண்டு. நாம் மருத்துவர் அல்லோம். எனினும் மருத்துவ உலகம் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட செய்திகளைக் குடும்பங்களின் நலன் கருதி இங்கே தருகிறோம்.

முதலில் காரணத்தை அறிதல் வேண்டும். மனிதர் தலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முடிகள் உள்ளன. நாள்தோறும் 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பே. ஆண்களின் வழுக்கைக்கு எண்ணெயோ, தண்ணீரோ, தலைக்கவசமோ காரணமன்று. பரம்பரையாக வரும் இயல்பினால், ஆண்மைச் சுரப்பிலிருந்து உண்டாகும் ஒரு பொருளுக்கு முன்தலையிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள் இரையாகிச் சுருங்குகின்றன. இவ்வியல்பு தாய்வழியாக மட்டுமே வரும் என்பது தவறு. இரு வழியாகவும் வரும். கடுங்காய்ச்சலுக்குப் பின்னும் மகப்பேற்றுக்குப் பின்னும் இரண்டு மூன்று மாதங்களில் கொத்துக்கொத்தாக முடி கொட்டுவதுண்டு. அது பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, புழுவெட்டு ஆகியவற்றுக்குத் தனி மருத்துவம் உண்டு. எனவே, தோல் மருத்துவரிடம் காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் அறுவைக்கு விரைவது அறிவுடைமையாகாது.

நடவு என்பது யாது? நாற்றங்காலில் பறித்த நாற்றை வயலில் நடுவது போன்றதே இது. பின்தலையிலும் பக்கங்களிலும் உள்ள மயிர்க்கால்கள் மேற்சொன்ன சுருக்கத்திற்கு ஆட்படுவதில்லை. வேறிடத்தில் நட்டாலும் அவ்வியல்பை இழப்பதில்லை. ஜப்பானிய மருத்துவர் ஒக்குடா 1939-ஆம் ஆண்டிலேயே முடியுள்ள தோலை வேறிடத்தில் பதித்த முறையை எழுதி வைத்தார். உலகப் போர் காரணமாக மேலைநாட்டார் அதனை அறியவில்லை. நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1952-இல் வழுக்கைக்கு இச்சிகிச்சையைச் செய்து, 1959-இல் அதன் அடிப்படையை விளக்கினார்.

இன்று இரு முறைகள் வழக்கில் உள்ளன. பின்தலையில் நீண்ட தோல் பட்டை ஒன்றை அறுத்தெடுத்து, அதிலிருந்து மயிர்க்கால்களைப் பிரிப்பது எஃப்.யு.டி. என்பதாகும், இதில் கோடு போன்ற தழும்பு ஒன்று நிலைக்கும். ஒவ்வொரு மயிர்க்கால் கொத்தையும் நுண்கருவியால் தனித்தனியே எடுப்பது எஃப்.யு.இ. என்பதாகும், இதில் புள்ளி புள்ளியாகச் சிறு தழும்புகள் இருக்கும். தழும்பே இராது என்று விளம்பரம் செய்வோரை நம்ப வேண்டா. ஒரு கொத்தில் ஒன்று முதல் நான்கு முடிகள் இருக்கும். இதனையே கிராஃப்ட் என்கின்றனர். இருந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசியிட்டு, பல மணி நேரம் இப்பணி நடைபெறும்.

இனி, பின்விளைவைக் கூறுவோம். மூன்றாம் நாளளவில் நெற்றியும் கண்ணிமைகளும் வீங்கலாம்; சில நாள்களில் வடியும். நட்ட இடத்தில் தோன்றும் பொருக்குகள் ஒன்று அல்லது ஒன்றரை வாரத்தில் உதிரும். அவற்றைச் சொறிந்து எடுக்கக் கூடாது. பின்தலை சில காலம் மரத்திருக்கலாம். சில வாரங்களில் நட்ட முடிகளில் பெரும்பகுதி கொட்டிவிடும்! பணம் பாழாயிற்று என்று பலர் அழுவது இக்கட்டத்தில்தான். கொட்டுவது முடியே; வேர் உள்ளே உறங்குகிறது. மூன்று நான்கு மாதங்களில் மெல்லிய முடி முளைக்கும். முழுப் பலனை அறிய ஓராண்டு, சிலருக்கு அதற்கும் மேல், பொறுத்திருத்தல் வேண்டும். ஆகவே, அடுத்த மாதத் திருமணத்திற்காக இம்மாதம் நடவு செய்துகொள்வது வீண்செயல்.

மேலும் ஒன்றை மறத்தலாகாது. நடவு புதிய முடியை உண்டாக்குவதில்லை, இருப்பதை இடம் மாற்றுகிறது, அவ்வளவே. பின்தலையின் இருப்பு அளவுக்குட்பட்டது. இருபது வயதுத் தொடக்கத்திலேயே அதனைச் செலவழித்துவிட்டால், பின்னர் வழுக்கை பரவும்போது நட்ட இடம் தீவு போல் தனித்து நிற்கும். எஞ்சிய பழைய முடியைக் காக்க மினாக்ஸிடில், ஃபினாஸ்டரைடு போன்ற மருந்துகளை மருத்துவர் பரிந்துரைப்பர். நிறுத்தினால் அவற்றின் பலனும் நின்றுவிடும், பக்கவிளைவுகளும் உண்டு. இச்செலவையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

அனைத்திலும் முதன்மையானது உயிர். 2016-ஆம் ஆண்டு மே மாதம் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் சில நாள்களில் உயிரிழந்தார். மருத்துவம் பயின்ற பிள்ளைக்கே இந்நிலை என்றால், விளம்பரத்தை மட்டும் அறிந்தோர் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்! 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் இது குறித்து நெறிமுறைகளை வெளியிட்டது. முறையான பயிற்சி பெற்ற, பதிவு பெற்ற மருத்துவரே இதனைச் செய்தல் வேண்டும் என்றும், யூடியூப் காணொளிகளைப் பார்ப்பதும் பயிலரங்குகளில் பார்வையாளராக அமர்வதும் போதிய பயிற்சியாகாது என்றும் அது தெளிவுபடுத்தியது.

ஆகவே, செல்லுமுன் பெற்றோர் இவற்றைக் கேட்டறிக: அறுப்பவரும் நடுபவரும் யார்? அவர்தம் பட்டம் தோல் மருத்துவத்திலா, பிளாஸ்டிக் அறுவையிலா? மருத்துவர் முழு நேரமும் உடனிருப்பாரா? ஒவ்வாமையோ மூச்சுத் திணறலோ நேர்ந்தால் உயிர்காக்கும் கருவியும் ஆளும் அங்கே உண்டா? இரத்தப் பரிசோதனை செய்யப்படுமா? நீரிழிவு, இரத்த அழுத்தம், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை ஒளிக்காமல் கூறுக. விடை தர மறுக்கும் இடத்தில் தலையைக் கொடாதீர்.

பாவமா என்ற வினாவிற்குத் திருச்சபை முன்னரே விடை தந்துள்ளது. 1958-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், தாம் இறப்பதற்கு ஐந்து நாள்களுக்கு முன், பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்களிடையே உரையாற்றினார். அழகுக்கான அறுவையை அவர் தம்மளவில் தீதென்று தள்ளவில்லை. நோக்கம் நேரியதாக இருத்தல், உடலுக்குப் பெருங்கேடு நேராமை, காரணம் தக்கதாக இருத்தல் ஆகியவற்றைக் கொண்டே அதனை எடைபோடச் சொன்னார். தீப்புண்ணாலோ விபத்தாலோ முடியிழந்தவர் நடவு நாடுவதில் யார் குறைகாண இயலும்? பரம்பரை வழுக்கையால் மனம் நொந்து ஒதுங்கி வாழும் இளைஞரையும் நகைத்தல் தகாது. ஆயினும் தங்கையின் திருமணத்திற்கென வைத்த பணத்தையும், வட்டிக்கு வாங்கிய பணத்தையும் இதில் இறைப்பது தக்க காரணம் ஆகாது.

பெண்ணைப் பெற்றோர்க்கும் ஒரு சொல். குருவாகப் புகுவோரின் முடியைக் கத்தரிக்கும் பழஞ்சடங்கு ஒன்று நம் திருச்சபையில் இருந்தது. பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1972-இல் அதனை நீக்கினார். முடியைத் துறப்பதை அர்ப்பணத்தின் அடையாளமாகப் போற்றிய மரபில் வந்த நாம், முடி குறைந்த காரணத்தால் ஒழுக்கமும் உழைப்பும் உள்ள மணமகனை ஒதுக்குவது முறையா? குடியும் சூதும் அற்றவனா, உண்மை பேசுபவனா என்று முதலில் கேளுங்கள். வீட்டில் வழுக்கை விழும் பிள்ளையைச் சொட்டை என்று கேலி செய்வதை இன்றே நிறுத்துங்கள். அச்சொல்லே பல இளைஞரை ஆராயாமல் அறுவைக்கு விரட்டுகிறது.