கூத்தை ஏழு மணிக்குத் தொடங்கினால் என்ன?

பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை.

சனிக்கிழமை இரவு. சாப்பாடு முடிந்துவிட்டது. அம்மா பாத்திரம் கழுவுகிறாள். அப்பா திண்ணையில் காற்று வாங்குகிறார்.

"அப்பா! நாளைக்கு எங்களை எங்கே கூட்டிட்டுப் போறீங்க?" என்று பையன் கேட்கிறான். தங்கச்சியும் ஓடி வந்து பக்கத்தில் நிற்கிறாள்.

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. மனதுக்குள் கணக்குப் போடுகிறார். நாலு பேருக்குப் பஸ் செலவு. கேளிக்கைப் பூங்கா என்றால் ஆளுக்கு ஒரு டிக்கெட். உள்ளே போனால் சாப்பாடு, தண்ணீர், ஐஸ்கிரீம். சம்பளத்தில் பெரிய துண்டு ஒரே நாளில் போய்விடும்!

"அடுத்த வாரம் பார்க்கலாம்டா" என்கிறார்.

பையனின் முகம் வாடுகிறது. மூலையில் போய் உட்காருகிறான். அவன் கையில் செல்போன்!

எத்தனையோ வீடுகளில் இதுதான் நடக்கிறது. அப்பாவைக் குறை சொல்ல முடியாது. பிள்ளையையும் குறை சொல்ல முடியாது. "பணம் இருந்தால்தான் வேடிக்கை" என்ற எண்ணம் நாட்டில் பரவிவிட்டது. குறை அங்கேதான் இருக்கிறது.

அந்த எண்ணம் சரியா? இல்லவே இல்லை!

பக்கத்து ஊரில் அர்ச்சுனன்

திருவண்ணாமலை, காஞ்சிபுரம், விழுப்புரம், வேலூர் பக்கத்தில் ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோவில் உண்டு. பங்குனி முதல் ஆடி வரை அங்கே பாரதத் திருவிழா நடக்கும். பகலில் பாரதக் கதை சொல்வார்கள். இரவில் தெருக்கூத்து ஆடுவார்கள்.

இதற்கு டிக்கெட் கிடையாது. பாயை விரித்து உட்கார்ந்தால் போதும்!

முதலில் கட்டியக்காரன் வருவான். அவன்தான் ராஜாவின் சேவகன். அவனே கோமாளி! ராஜாவையே கேலி செய்வான். முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுப்பான். உள்ளூர் சங்கதியை இழுத்துப் போட்டுச் சிரிக்க வைப்பான்.

பிறகு இரண்டு பேர் ஒரு திரையைப் பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் சலங்கை ஒலிக்கும். தலைக்கு மேலே கிரீடம் தெரியும். "யார் வரப்போகிறது?" என்று பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். திரை விலகும். தோளில் கட்டைகள் மின்ன, முகத்தில் அரிதாரம் பளபளக்க, துரியோதனன் சுழன்று சுழன்று ஆடுவான். புழுதி பறக்கும்!

அர்ச்சுனன் தபசு அன்று, வேடம் கட்டியவர் உயரமான மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். கடைசி நாளில் படுகளம். பல அடி நீளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் தரையில் படுத்திருப்பான். வீமன் வந்து அவன் தொடையில் அடிப்பான். திரௌபதி சபதம் முடித்துக் கூந்தலை முடிவாள்.

இதை ஒரு முறை பார்த்த பிள்ளை, மகாபாரதத்தை மறக்குமா?

செல்போனிலும் துரியோதனன் வருகிறான். ஆனால், அந்தத் துரியோதனன் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கூத்தில் வரும் துரியோதனன் பார்க்கிறான்! பிள்ளை கைதட்டினால் அவன் இன்னும் ஒரு சுற்று ஆடுகிறான். பிள்ளை சிரித்தால் கட்டியக்காரன் இன்னொரு வேடிக்கை சொல்கிறான். ஆடுகிறவனும் பார்க்கிறவனும் சேர்ந்து நடத்துவதுதான் கூத்து.

தடை எது?

அப்படியானால் பிள்ளைகள் ஏன் போவதில்லை?

முதல் காரணம் நேரம். கூத்து இரவு 10 மணி வாக்கில் தொடங்கும். விடிய விடிய நடக்கும். பகலெல்லாம் வயலில் பாடுபட்டவர்கள், சாப்பிட்டுவிட்டு வந்து பார்ப்பதற்கு அந்த நேரம் வசதியாக இருந்தது. இன்று நிலைமை வேறு. அப்பாவுக்குக் காலையில் வேலை. அம்மாவுக்கு விடிந்தால் அடுப்படி. ஐந்து வயதுக் குழந்தை 9 மணிக்கே தூங்கிவிடும்.

எனவே, கோவில் தர்மகர்த்தாக்களும் ஊர்ப் பெரியவர்களும் ஒன்று செய்ய வேண்டும். மாலை 7 மணிக்கே கூத்தைத் தொடங்க வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்தைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்க வேண்டும். கட்டியக்காரன் வரட்டும். ஒரு ராஜா திரை விலக்கி வரட்டும். ஒரு சண்டை நடக்கட்டும். பிள்ளைகள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும். மற்றவர்களுக்கு விடிய விடியக் கூத்து நடக்கட்டும்!

"சாமி காரியம் ஆயிற்றே! வழக்கத்தை மாற்றலாமா?" என்று சிலர் கேட்கக்கூடும்.

பூசையை யாரும் மாற்றச் சொல்லவில்லை. படுகளத்தை மாற்றச் சொல்லவில்லை. தொடங்கும் நேரத்தை முன்னால் தள்ளச் சொல்வதுதான். நகரத்து மேடைகளில் இதே கூத்தை ஒரு மணி, இரண்டு மணி நேரமாகச் சுருக்கி ஆடுகிறார்கள். சென்னையில் 2007-ல் சென்னை சங்கமம் விழா தொடங்கியது. இடையில் நின்றுபோன அந்த விழாவை 2023-ல் அரசு மீண்டும் நடத்தியது. பூங்காக்களிலும் மைதானங்களிலும் மாலை நேரத்தில் கரகம், பறை, கூத்து எல்லாம் நடந்தன. கட்டணம் இல்லை. குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். நகரத்தில் முடிந்தது, கூத்து பிறந்த கிராமத்தில் முடியாதா?

இரண்டாவது காரணம் வசதி. பெண்கள் குழந்தைகளோடு வந்தால் கழிப்பிடம் வேண்டும். குடிக்கத் தண்ணீர் வேண்டும். குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்கிறவர்களைத் தடுக்க நாலு பேர் வேண்டும். ஒலிபெருக்கியின் அலறலைக் குறைக்க வேண்டும். வாண வேடிக்கைக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கு போதும், இவ்வளவையும் செய்துவிடலாம்.

"படிப்பு கெட்டுவிடும்" என்று பயப்படவும் தேவையில்லை. பாரதம் நடக்கும் மாதங்களில் சித்திரையும் வைகாசியும் இருக்கின்றன. அப்போது பெரும்பாலான நாட்களில் பள்ளிக்கூடமே இல்லை!

பொம்மைக்கு உயிர் கொடுப்பவர்கள்

கூத்து இல்லாத ஊர்களிலும் ஆட்டம் உண்டு.

தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை பக்கத்தில் மரப்பாவைக் கூத்து பேர் பெற்றது. பொம்மையை ஆட்டுகிறவர் தலையில் ஒரு இரும்பு வளையம் இருக்கும். பொம்மையின் கயிறுகளை அதில் கட்டியிருப்பார். கைகளால் கம்பியைப் பிடித்துப் பொம்மையின் கைகளை அசைப்பார். அவர் தலை அசைந்தால் பொம்மை அசையும். அரிச்சந்திரன் கதையில் பொம்மை அழுதால், பார்க்கிறவர்களும் அழுவார்கள்!

தெற்கே குமரி மாவட்டத்தில் தோற்பாவைக் கூத்து உண்டு. வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு. ஆட்டுத் தோலில் செய்த பாவைகள். ராமன், சீதை, ராவணன், அனுமான் எல்லோருக்கும் ஒரே ஆள் குரல் கொடுப்பார். இடையில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து அடிக்கும் கூத்தில் பிள்ளைகளுக்கு வயிறு வலிக்கும்!

ஊருக்கு வரும் சர்க்கசையும் சும்மா விடக்கூடாது. முன்பு அதில் சிங்கம், புலி ஆடின. காட்டு மிருகங்களை ஆட்டி வைப்பதற்கு 1998-ல் தடை வந்தது. குழந்தைகளைச் சர்க்கசில் வேலைக்கு வைக்கக்கூடாது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. நல்ல காரியம்தான். ஒரு பிள்ளை சிரிப்பதற்காக இன்னொரு பிள்ளை கயிற்றில் தொங்க வேண்டாம். பெரியவர்கள் ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் பாய்வதே போதும், நெஞ்சு படபடக்க!

பூட்டிய கதவு

எங்கே, எப்போது நடக்கிறது என்று தெரியாததுதான் பெரிய தொல்லை.

ஆசையோடு லீவு போட்டு, செவ்வாய்க்கிழமை வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போகிறவர்கள் உண்டு. செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை! வெள்ளிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால், அங்கும் கதவு பூட்டியிருக்கும். 1851-ல் ஏற்பட்ட அந்தக் காட்சியகத்தில் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைப் பார்க்க வந்த பிள்ளை, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் எப்படி இருக்கும்? வேடந்தாங்கலில் பறவைக் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் கார்த்திகை முதல் மாசி வரை போக வேண்டும். சித்திரை வெயிலில் போனால் ஏமாற்றம்தான்.

ஆகவே, புறப்படும் முன் விசாரிக்க வேண்டும். கூத்துக்குக் கோவில் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். டீக்கடையில் கேட்டால் சொல்வார்கள். மாவட்டங்களில் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. அரசின் கலை பண்பாட்டுத் துறை அதை நடத்துகிறது. பிள்ளைகளுக்குப் பாட்டும் நடனமும் ஓவியமும் சொல்லித் தரும் அங்கே, கலை நிகழ்ச்சிகளைப் பற்றியும் விசாரிக்கலாம்.

பஞ்சாயத்து அலுவலகங்களும் பள்ளிக்கூடங்களும் இதற்கு உதவ வேண்டும். வாசலில் ஒரு கரும்பலகை போதும். "இந்த மாதம் இந்த ஊரில் கூத்து, இத்தனை மணிக்கு" என்று எழுதி வைத்தால் ஊரே தெரிந்துகொள்ளும். சாக்பீசுக்கு என்ன பெரிய செலவு?

பார்க்க ஆள் இல்லாவிட்டால்?

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது.

கூத்துக் கலைஞருக்கு வருமானம் திருவிழா மாதங்களில்தான். அது முடிந்தால், பலர் வயல் வேலைக்கும் கூலி வேலைக்கும் போகிறார்கள். இரவில் ராஜா வேடம் கட்டிய கை, பகலில் மண்வெட்டி பிடிக்கிறது!

கூட்டம் குறைந்தால் ஊரார் கூத்தை நிறுத்திவிடுவார்கள். "திரையில் சினிமா போட்டுவிடலாம்" என்பார்கள். கூத்து நின்றால், அப்பா தன் மகனுக்கு வேடம் கட்டச் சொல்லித் தர மாட்டார். ஒரு தலைமுறை விட்டுப்போனால், அதைப் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.

இன்றைக்கு முன்வரிசையில் பாயில் உட்காரும் பிள்ளைதான், நாளைக்குக் கூத்தை அழைக்கும் பெரியவன். அந்த இடம் காலியாக இருந்தால், நாளைக்கு மேடையும் காலி!

ஆகவே பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகட்டும். தட்டு வரும்போது பிள்ளையின் கையாலேயே பத்து ரூபாய் போடச் சொல்லட்டும். ஊர்ப் பெரியவர்கள் கடிகாரத்தை மூன்று மணி நேரம் முன்னால் தள்ளட்டும்.

அடுத்த சனிக்கிழமை இரவு பையன் மறுபடியும் கேட்பான். அப்போது அப்பா கணக்குப் போட வேண்டியதில்லை.

"நாளைக்குக் கூத்துடா! ஏழு மணிக்கே! பாயைச் சுருட்டி வை!" என்று சொன்னால் போதும்!