ஆழியும் தாளும்

ஆழி என்னுஞ் சொல்லுக்குக் கடல் என்பதும் பொருள். சக்கரம் என்பதும் பொருள். நிகண்டு பயின்ற மாணவர் இதனை நன்கறிவர். வல்வெட்டித்துறையிற் பிறந்த விவேகானந்தன் செல்வக்குமார் ஆனந்தன் அவர்களைத் தமிழ்மக்கள் ஆழிக்குமரன் என்று அழைத்தபோது, பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த அவரது பேராற்றலையே மனத்திற் கொண்டனர். ஆயின், மற்றைப் பொருளிலும் அப்பெயர் அவருக்குப் பொருந்துவதேயாகும். 1979ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி கொழும்பு விகாரமாதேவிப் பூங்காவைச் சுற்றித் துவிச்சக்கரவண்டி ஓட்டத் தொடங்கிய அவர், 10ஆம் திகதி வரை 187 மணித்தியாலமும் 28 நிமிடமும் அதனை ஓட்டினார். கடந்த தூரம் 1487 மைல். கின்னஸ் சாதனை நூலும் இதனைப் பதிந்து வைத்தது.

இத்தூரம் எத்துணையது என்பதைக் கண்டியில் வாழும் நாம் நமக்குப் பழகிய அளவுகோலைக்கொண்டே அறிந்துகொள்ளலாம். கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் நெடுஞ்சாலை ஏறக்குறைய 72 மைல். அவ்வழியிற் பத்துமுறை போய் மீண்டாலும் 1440 மைலே ஆகும். அதற்கும் மேற்பட்ட தூரத்தை ஒருவர் ஒரே பூங்காவைச் சுற்றிச் சுற்றியே கடந்தார். கணக்கிட்டுப் பார்ப்பின், அவர் சென்ற வேகம் மணித்தியாலத்துக்கு எட்டு மைலுக்குச் சற்றுக் குறைவு. பாடசாலைக்குப் பிந்திப் புறப்பட்ட மாணவன் இதனினும் விரைந்து செல்வான். ஆகவே, அவருடைய பெருமை விரைவில் இல்லை. எட்டு இரவும் எட்டுப் பகலும் விடாது சென்றமையிலேயே அஃது உள்ளது.

விரைவை மட்டுமே போற்றும் இக்காலத்தில் இவ்வுண்மையை மாணவர்க்கு எடுத்துரைப்பது நம் கடமை. மேனாட்டார் இதனை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்தனர். பிரான்சு நாட்டில் 1891ஆம் ஆண்டு பியர் சிஃபார் என்னும் பத்திரிகை ஆசிரியரின் முயற்சியாற் பாரிசிலிருந்து பிரெஸ்ட் துறைமுகத்துக்குச் சென்று மீளும் ஓட்டம் தொடங்கப்பட்டது. தூரம் ஏறக்குறைய 1200 கிலோமீற்றர். இருநூற்றுவருக்கு மேற்பட்டோர் புறப்பட்டனர். அவருட் பாதியளவினரே மீண்டனர். முதல்வராக வந்த சார்ள் தெரோன் என்பவர் 71 மணித்தியாலமும் 22 நிமிடமும் எடுத்துக்கொண்டார். ஒரு பத்திரிகை தொடக்கிவைத்த அவ்வோட்டம் இன்றும் அழியாதிருப்பது, பத்திரிகைத் தொழிலிலுள்ள நமக்கு மகிழ்ச்சி தருவதொன்று.

இந்நாளில் அது நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. 2023ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்திலும் நடைபெற்றது. உலகின் பல நாடுகளிலிருந்தும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் கலந்துகொண்டனர். பந்தயமாகப் பிறந்த அவ்வோட்டத்தில் இன்று பந்தயம் இல்லை என்பதே வியப்பு. பரிசுப்பணம் இல்லை, முதலிடம், இரண்டாமிடம் என்னும் வரிசையும் இல்லை. 90 மணித்தியாலத்துக்குள் முடித்தல்வேண்டும், இடையிடையே உள்ள நிலையங்களில் அட்டையிற் குறிபெறல்வேண்டும், அவ்வளவே. ஆயினும், யாரும் நினைத்தவுடன் சேர்ந்துவிட இயலாது. 200, 300, 400, 600 கிலோமீற்றர் எனப் படிப்படியாகச் சவாரிகளை முடித்துத் தகுதிபெற்றோரே சேரலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர் முதலிய நகரங்களிலும் இத்தகைய சவாரிகள் நடைபெறுகின்றன. பாலபாடத்தைக் கல்லாது பேரிலக்கணத்தைத் தொடுதல் ஆகாது என்று நம் பழைய ஆசிரியர் விதித்த முறையும் இதுவேயன்றோ?

தமிழில் தாள் என்னுஞ் சொல்லுக்குக் கால் என்பதும் முயற்சி என்பதும் பொருள்கள். அதனின்று பிறந்ததே தாளாண்மை. வள்ளுவரும் ஆள்வினையுடைமை, ஊக்கமுடைமை, மடியின்மை என மூன்று அதிகாரங்களை இப்பொருளுக்கு அணுக்கமாக வகுத்துள்ளார். காலினால் மிதித்துச் செலுத்தும் வண்டிக்கு இதனினும் பொருத்தமான சொல் வேறில்லை. கடுகண்ணாவை ஏற்றத்தில் மிதிப்பவன் இதன் பொருளை அகராதியின்றியே அறிவான். மாவனல்லை கடந்ததும் சாலை மலைமேல் எழத் தொடங்கும். சமநிலத்தில் வலிமையெல்லாம் செலவிட்டு வந்தவன் அவ்வேற்றத்தின் நடுவில் இறங்கி வண்டியைத் தள்ளுவான். தன் மூச்சையும் தொடையின் வலிமையையும் அளந்து செலவிட்டவன் மெல்ல மெல்ல உச்சியை அடைவான். கண்டி ஏறக்குறைய 1600 அடி உயரத்தில் உள்ளது. இங்கிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்குச் செல்வோன் 6000 அடிக்கு மேல் ஏறல்வேண்டும். உடலிற் சேமித்துவைத்த மாச்சத்து சில மணித்தியாலக் கடும் உழைப்பில் தீர்ந்துவிடும். ஆதலின், பசிக்குமுன் உண்பதும் தாகத்துக்குமுன் பருகுவதும் நெடுஞ்சவாரியின் முதல் இலக்கணம்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழக்கூடும். உறக்கத்தை வெல்வதும் உடலை வருத்துவதுந்தாம் தாளாண்மையோ? அல்ல என்பதே நம் துணிபு. உறங்காதிருக்கும் சாதனைகளை உடல்நலங் கருதிக் கின்னஸ் நூலாரே 1997ஆம் ஆண்டின்பின் ஏற்பதில்லை. ஆனந்தன் அவர்களும் 1984ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதம் 6ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது, தம் நாற்பத்தோராவது வயதில் உயிர்நீத்தார். அவர் மனவலிமையைப் போற்றும் நாம், அம்முடிவையும் மாணவருக்கு மறையாது சொல்லுதல்வேண்டும். பாரிசுச் சவாரியில் 90 மணித்தியாலத்துள் உறங்குவதற்கும் இடமுண்டு. எங்கே எவ்வளவு உறங்குவது என்பதைச் செல்வோனே தீர்மானிக்கிறான். நிற்கவேண்டிய இடத்தில் நிற்க அறிதலும் முயற்சியின் ஒரு கூறே. விடியவிடியக் கண்விழித்துப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவரும், அவரை அங்ஙனம் தூண்டும் பெற்றோரும் இதனைச் சிந்திப்பாராக.

மற்றுமொன்று. கண்டியிலிருந்து நெடுவழிச் செலவைப்பற்றி எழுதுவோர், தாமே விரும்பி மேற்கொள்ளாத நெடுவழிகளையும் மறத்தலாகாது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த மக்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் கால்நடையாக வந்தனர். அவர்தம் அட்டையிற் குறியிட நிலையம் இருக்கவில்லை. நோயால் வீழ்ந்தோரைக் கணக்கிடுவார்தாமும் அரியர். அவ்வரவின் இருநூறாண்டு நினைவாக 2023ஆம் ஆண்டு யூலை 28ஆம் திகதி தலைமன்னாரிற் புறப்பட்டோர் ஓகஸ்டு 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தனர். விரும்பி வருந்துவது வீரம். வேறு வழியின்றி வருந்தியோரை வீரர் என்று புகழ்ந்துமட்டும் அமைந்துவிடுதல் நீதியாகாது. அவர்தம் வழித்தோன்றல்களுக்கு நிலமும் வீடும் கல்வியும் உரிமையாகக் கிடைத்தல்வேண்டும்.

துவிச்சக்கரவண்டியும் நம்மிடையே நெடுங்காலம் வறியவன் வண்டியாகவே கருதப்பட்டது. போர்க்காலத்தில் எரிபொருள் கிடையாதிருந்தபோது யாழ்ப்பாண மக்களின் சுமையையும் நோயாளரையும் அதுவே தாங்கிற்று. 2022ஆம் ஆண்டு நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, எள்ளியோரும் அதனைத் தேடியலைந்தனர். தட்டுப்பாடு நீங்கியதும் மீண்டும் மறந்துவிட்டோம்.

ஆகவே, கண்டி மாவட்டத்துப் பாடசாலை அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பரிசில்லாத, வரிசையில்லாத நெடுஞ்சவாரி ஒன்றை ஆண்டுதோறும் நடத்துங்கள். முதலாண்டு பத்து மைல் போதும்; பின்னர் கம்பளை, அதன்பின் மாத்தளை எனப் படிப்படியாகத் தூரத்தை உயர்த்தலாம். உடல்நலம் ஆராய்ந்து, ஆசிரியர் துணையுடன், வாகனம் குறைந்த விடியற்பொழுதில் அது நிகழ்க. பேராதனை வீதியிலும் கட்டுகஸ்தோட்டை வீதியிலும் துவிச்சக்கரவண்டிக்கு ஓரமே இல்லாத நிலையை மாற்ற மாநகரசபையாரும் வீதி அதிகாரிகளும் முன்வருக. சென்று மீண்ட மாணவர் ஒவ்வொருவரும் தாம் கண்ட வழியைத் தமிழில் நான்கு பக்கம் எழுதுக. கால்கள் களைத்த பின்னர் எழுதும் வசனத்தில் வெற்றுச்சொல் குறைவாகவே இருக்கும் என்பது நம் நம்பிக்கை. நன்றாக எழுதப்பெற்றவற்றை இப்பகுதியில் வெளியிட நாம் காத்திருக்கின்றோம்.