விளக்கு வாங்குமுன் பவளத்தைக் கேளுங்கள்

புளியறை வயல்களில் ஒரு விஷயத்தை எந்த விவசாயியும் சொல்லிவிடுவார். வரப்போரம் ஒரு மரம் நின்றால், அதன் நிழல் விழுகிற இடத்தில் நெற்பயிர் பச்சையாக நிற்கும். கதிர் மட்டும் சரியாகப் பிடிக்காது. தண்ணீர் இருக்கிறது, உரம் இருக்கிறது, வெயில் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

வீட்டில் சின்னக் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்பதும் இதே கணக்குதான். பவளம் ஒரு விலங்கு. ஆனால் அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கை வீட்டுக்காரரான பவளத்துக்கு வாடகை போலக் கொடுக்கின்றன. எனவே பவளத் தொட்டியில் விளக்கு என்பது அலங்காரம் அல்ல, சாப்பாடு!

இணையத்தில் நீல ஒளியில் மின்னும் தொட்டிகளைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாட்ஸ் போட வேண்டும்?" கேள்வியே தவறு. வாட்ஸ் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். அது தரும் ஒளி அல்ல. கெல்வின் என்பது ஒளியின் நிறம். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். நம் கண்ணுக்கு நீலம் மங்கலாகத்தான் தெரியும். அதனால் செல்போனில் லக்ஸ் அளக்கிறவர், நீல விளக்கின் கீழ் ஏமாந்துபோவார்.

பாசிக்கு வேண்டியது 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளி. இதை 'பார்' என்ற அளவால் சொல்கிறார்கள். வெப்பமண்டலத்து நண்பகல் வெயிலில் இது ஏறக்குறைய 2000 இருக்கும். தொட்டியில் அவ்வளவு தேவையில்லை. மென்பவளங்களுக்கு 50 முதல் 150 வரை போதும். கிளைகிளையாக வளரும் கல்பவளங்களுக்கு 200 முதல் 350 வரை கேட்கும். கடலில் சிவப்பு ஒளி மேலடுக்கிலேயே நின்றுவிடுகிறது, நீலம் மட்டும் ஆழத்துக்கு இறங்குகிறது. அதனால்தான் இந்த விளக்குகளில் நீலம் தூக்கலாக இருக்கிறது.

கடைக்காரர்கள் வெறும் நீலத்தை மட்டும் எரியவிட்டுக் காட்டுவதற்கு வேறு காரணமும் உண்டு. அந்த ஒளியில் பவளத்தின் நிறமிகள் பளபளக்கும். பார்ப்பவர் மயங்கிப் பணத்தை எடுப்பார். நோயுற்ற பவளம்கூட அந்த வெளிச்சத்தில் அழகாகத் தெரியும்!

இனி செலவுக் கணக்கு. 2 அடி நீளம், 1 அடி ஆழமுள்ள தொட்டிக்கு முன்பெல்லாம் 150 வாட்ஸ் மெட்டல் ஹாலைடு போட்டார்கள். தினம் 8 மணி நேரம் எரிந்தால், 2 மாதத்துக்கு 72 யூனிட். 24 வாட்ஸ் 'டி5' குழல் விளக்கு 4 போட்டால் சுமார் 46 யூனிட். 50 வாட்ஸ் எல்.இ.டி. என்றால் 24 யூனிட்தான். குழல் விளக்குகளின் ஒளி குறைந்துகொண்டே வரும்; ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும். மெட்டல் ஹாலைடு தண்ணீரையும் சூடாக்கும். பிறகு அதைக் குளிர்விக்க ஒரு மின்விசிறி, அதற்கு ஒரு பில். வாங்கும் விலையை மட்டும் பார்க்கிறவர் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார். எனவே சின்னத் தொட்டிக்கு, ஒளியைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள எல்.இ.டி.யே சரி.

எவ்வளவு நல்ல விளக்காக இருந்தாலும் முதல் நாளே முழு ஒளியைக் கொடுத்துவிடக் கூடாது. குறைவாகத் தொடங்கி 3, 4 வாரத்தில் மெல்லக் கூட்ட வேண்டும். திடீரென்று ஒளி அதிகமானால் பவளம் தன் பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகும். கரண்ட் போனால் ஒரு நாள் இருட்டைப் பவளம் தாங்கும். தண்ணீர் ஓட்டம் நின்றால் தாங்காது. இன்வெர்ட்டரை விளக்குக்கு அல்ல, பம்புக்குக் கொடுக்க வேண்டும்.

சரி, விளக்கைத் தேர்ந்தெடுத்தாயிற்று. அதன் கீழே எதை வைப்பது? உண்மையில் இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில், 2001 முதல் கல்பவளங்கள் அனைத்தும், அவற்றோடு கருப்புப் பவளமும் கடல் விசிறியும் இடம்பெற்றுள்ளன. யானைக்கும் புலிக்கும் உள்ள அதே பாதுகாப்பு! எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

இந்தச் சட்டத்துக்குக் காரணம் புளியறையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகத் தூரத்தில், தூத்துக்குடிக் கடலில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாயின. அதற்கு முன்னும் பின்னும் பல்லாண்டுகள், சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் அங்கே பவளத்தை வெட்டி எடுத்தார்கள். 2 தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. மிச்சமிருந்த பவளங்கள் 2010லும் 2016லும் கடல் சூடேறியதால் வெளுத்தன. இந்த நிலையில் ஒருவர் வரவேற்பறை அழகுக்காக ஒரு துண்டு பவளத்தை விலைக்குக் கேட்டால், அது எங்கிருந்து உடைக்கப்பட்டு வரும் என்று யோசிக்க வேண்டாமா?

முறையான அனுமதியோடு, பண்ணையில் வளர்ந்த பவளம் கிடைக்கும் வெளிநாடுகளில் வாழும் தமிழர்களுக்கு மேலே சொன்ன விளக்குக் கணக்கு உதவும். இங்கே இருப்பவர்களுக்கு வேறு வழி உண்டு. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன் வள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது. பண்ணைக் குஞ்சுகள் 2, செயற்கைப் பாறை, உப்புநீர். இதற்குச் சாதாரண எல்.இ.டி. விளக்கே போதும். வெளிச்சம் குறைந்தால் கண்ணாடியில் பாசி பிடிப்பதும் குறையும், மின்கட்டணமும் குறையும்.

விலை உயர்ந்த நீல விளக்கு கடையிலேயே இருக்கட்டும். பவளம் கடலிலேயே இருக்கட்டும். அங்கே அதற்குச் சூரியன் இருக்கிறது, பில் இல்லாமல்!