ரெக்சின் மாத்தினால் காணுமா?

யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாண வீட்டுக்கு முன்னால மொறிஸ் மைனர் வந்து நிண்டால் எங்களுக்கும் கை சும்மா இராது. படம் எடுப்பம், "எங்கட அடையாளம்" எண்டு போடுவம். மினுங்கிற பெயின்ற், பளபளக்கிற பம்பர், புது ரெக்சின் தைச்ச சீற். அந்தச் சீற்றுக்குக் கீழ என்ன கிடக்கு எண்டு குனிஞ்சு பார்த்தவை எத்தினை பேர்?

நாங்களும் பார்க்கேல்ல, ஒரு நண்பனின் அப்பப்பாவுடைய காரில் போகும்வரைக்கும். கியரைப் போட்டு இழுக்க, சாரதி சீற் அப்படியே பின்னால வழுக்கிப் போனது. அவனுக்குப் பிறேக் எட்டேல்ல. முன்னால ஆள் இல்லாதபடியால் தப்பினோம்.

கழற்றிப் பார்த்தால் காரணம் சின்னது. சீற் ஓடுகிற தண்டவாளத்தில் பூட்டுப் பல்லுகள் தேய்ந்து மழுங்கியிருந்தன. போல்ட் துளைகள் முட்டை வடிவாகியிருந்தன. யாரோ கம்பியால் வரிந்து கட்டி, பின்னால ஒரு மரக்கட்டை அணைவு வச்சிருந்தார்கள். மேலே மட்டும் புது ரெக்சின்.

கம்பி கட்டினவரை நாங்கள் பழிக்கேல்ல. 1990இற்குப் பிறகு, பொருளாதாரத் தடைக்குள்ள, கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின கார்கள் இவை. கிடைச்சதை வச்சுத்தான் ஓட்ட முடிந்தது. ஆனால் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே இண்டைக்கும் கம்பி கட்டுறது என்ன நியாயம்? இப்ப லேத் இருக்கு, வெல்டிங் இருக்கு. இல்லாதது அக்கறைதான்.

"அதைக் கழற்றி எறிஞ்சிட்டு யப்பான் வான் சீற் போடுங்கோ" எண்டும் சொல்லுவினம். அந்தத் தண்டவாள அகலம் வேறை. அதுக்காக அறுபது வருசம் கறள் திண்ட தரைத் தகட்டில் புதுத்துளை போட்டால், சீற் எதில பிடிச்சு நிற்கும்?

திருத்தம் பெரிய வித்தையில்லை. சீற்றைக் கழற்றி வெளியே எடுக்க வேணும். மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் போட்டுப் பழைய கிறீஸை உரிக்க வேணும். மழுங்கின பல்லை வெல்டிங்கால் நிரப்பி, அரத்தால் பழைய வடிவுக்கு அராவ வேணும். அகண்ட துளையை அடைச்சுத் திரும்பத் துளைக்க வேணும். போல்ட்டில்தான் கனபேர் பிழை விடுகினம். இந்தக் கார்களின் மரை அங்குலக் கணக்கு. 5/16 அங்குல போல்ட்டும் 8 மில்லிமீற்றர் போல்ட்டும் பார்வைக்கு ஒண்டு. மரை இடைவெளி வேறை. பலவந்தமாய் முறுக்கினால் மரை அழிஞ்சு போகும். தரைக்குக் கீழே அகலமான வொசர் கட்டாயம். கடைசியில் எஞ்சின் நிற்க, ஏறி இருந்து, காலால் உதைச்சுப் பார்க்க வேணும். அசைஞ்சால் வேலை முடியேல்ல.

எங்களுக்கு இதைக் காட்டித் தந்தவர் கடைசல் பட்டறை ஐயா ஒருவர். செலவு ரெக்சினுக்குக் குடுத்ததில் பாதியும் வரேல்ல. "படம் எடுக்க வாற பெடியள் கன பேர். பழக வாறது ஒருத்தருமில்லை" எண்டார். எங்களுக்குச் சுட்டது.

இந்தக் கார்களில் பலதுக்குச் சீற் பெல்ற்றும் இல்லை. ஆளைப் பிடிச்சு வச்சிருக்கிறது அந்த நாலு போல்ட்டும் ஒரு பூட்டும்தான். பெருமை பேசுறவை முதலில் சீற்றுக்குக் கீழ குனிஞ்சு பாருங்கோ. நாங்களும் இனி அதைப் பார்த்த பிறகுதான் படம் எடுப்பம்.